கரி, சாம்பல், சுண்ணாம்பு

பெங்களூரில் மாங்காய் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் மாமா வெறுங்கையோடு வந்ததே இல்லை. பெரும்பாலும் பன், இல்லாவிட்டால் பேரிக்காய். 1996 சீசனில் ஒருநாள் மட்டும், கன்னட செய்தித்தாளில் சுற்றிய செங்கல் மாதிரி ஒன்றை என் மடியில் வைத்தார். மெஜஸ்டிக் பக்கம் பிளாட்பாரக் கடையில் பேரம் பேசி வாங்கியதாம். "என்ன வெலைன்னு உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத மாப்ள" என்றார். எனக்கே அவர் சொல்லவில்லை.

நிண்டெண்டோ கேம் பாய். யாரோ ஆடித் தேய்த்த பெட்டி. பொத்தான்கள் இரண்டும் கருஞ்சிவப்பு என்று பிற்காலத்தில்தான் கேள்விப்பட்டேன். முதுகில் ஒரு கேசட் செருகியே இருந்தது: டாக்டர் மாரியோ. வேறு கேசட் வாங்க வழியும் இல்லை, காவேரிப்பட்டணத்தில் விற்பவரும் இல்லை. ஆகவே அடுத்த நான்கு வருஷம் எனக்குத் தெரிந்த வீடியோ கேம் அது ஒன்றுதான்.

மாரியோ என்றால் பிளம்பர் என்று ஊருக்கே தெரியும். இந்த ஆட்டத்தில் மட்டும் வெள்ளைக் கோட்டு மாட்டி, நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு டாக்டராக வருவான். எந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினான் என்பது இன்றுவரை தெரியாது. வைத்தியமும் விசித்திரமானதுதான். ஒரு பாட்டில்; அதற்குள் மூன்று வகைக் கிருமிகள். மேலேயிருந்து கேப்ஸ்யூல் விழும். கேப்ஸ்யூலின் இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம். கிருமியும் மாத்திரையுமாக ஒரே நிறம் நான்கு அடுத்தடுத்து சேர்ந்தால் அவை மறையும். சேராத மறுபாதி கீழே விழுந்து வேறெங்காவது உட்கார்ந்துகொண்டு வழியை அடைக்கும். பாட்டிலுக்கு எட்டு பத்தி, பதினாறு வரிசை. ஆரம்பக் கட்டத்தில் நான்கே கிருமிகள், இருபதாம் கட்டத்தில் எண்பத்துநான்கு. கழுத்துவரை மாத்திரை அடைத்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. மருந்து அதிகமானால் நோயாளி காலி என்பதை அந்த ஆட்டம் அளவுக்கு எனக்கு யாரும் புரியவைத்ததில்லை.

திரைக்குள் விளக்கு கிடையாது. வாசற்படியில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் போலிருந்த அந்தத் திரையில் வெளிர், அடர் என்று நான்கே படிகள். கிருமிகளுக்கு நானே பெயர் வைத்தேன்: கரி, சாம்பல், சுண்ணாம்பு. முதல் இரண்டும் அம்மாவின் அடுப்பிலிருந்து, மூன்றாவது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து. "கரி மேல கரி, சுண்ணாம்ப ஓரமா தள்ளு" என்று முணுமுணுத்தபடி ஆடுவேன். பையனுக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று பாட்டி விசாரித்ததாகக் கேள்வி.

ஒரே குறை, பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். நான்கு பென்சில் செல் போட்டால் நாள்கணக்கில் ஓடும். பிறகு ஒருநாள், சரியாகக் கடைசிக் கிருமியின் மேல் மாத்திரை இறங்கும்போது, திரை வெளுத்து அணைந்துவிடும். அது அந்தச் சாதனத்தின் குணம் என்று நம்பியிருந்தேன்.

அந்த ஆட்டம் நிறம் சேர்க்கும் ஆட்டம் என்பதே எனக்குத் தெரியாது. 1990 ஜூலையில் ஜப்பானில் அது டிவியில் மாட்டி ஆடும் பெட்டிக்கும் கையடக்கப் பெட்டிக்கும் ஒன்றாகவே வந்திருக்கிறது. டிவியில் ஆடியவர்களுக்கு என் கரியும் சாம்பலும் சுண்ணாம்பும் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், நீலம். நிறத்தை நம்பியே பிழைக்கும் ஓர் ஆட்டத்தை நிறமே இல்லாத திரையில் விற்றிருக்கிறார்கள். இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்தவர் குன்பெய் யோக்கோய். நிண்டெண்டோ சீட்டுக்கட்டு செய்து விற்ற காலத்தில், 1965இல், இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். புத்தம்புது நுட்பத்தின் பின்னால் ஓடாதே, பழகி மலிந்துபோன நுட்பத்தை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து என்பது அவர் வழி. கேம் பாய் வந்த 1989இலேயே அட்டாரி வண்ணத்திரையோடு லின்க்ஸைக் கொண்டுவந்தது. மறுவருஷம் சேகா கேம் கியர் வந்தது, அதுவும் வண்ணம்தான். ஆனால் ஆறு செல்லைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். எங்கள் வீட்டில் ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் சேர்த்தே ஒரு மாதத்துக்கு ஆறு செல்தான். யோக்கோயின் கஞ்சத்தனம் காவேரிப்பட்டணத்துக்கென்றே அளவெடுத்ததுபோல் இருந்தது.

அந்தக் கஞ்சத்தனம் எனக்கு வேறொரு உபகாரமும் செய்திருக்கிறது. அது தெரிய ஒன்பது வருஷம் ஆயிற்று.

2005இல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். மூன்று வருஷமும் ரெசிஸ்டரில் சுற்றியிருக்கும் நிறக் கோடுகளைப் பக்கத்து மேசை நண்பன் வாசிக்க, நான் கணக்குப் போட்டேன். பழுப்பையும் பச்சையையும் மாற்றிச் சொன்னால் சிரிப்பான், நானும் சிரிப்பேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டி மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். புள்ளிகளாலான வட்டம், நடுவே ஓர் எண். முதல் பக்கம் 12. அடுத்தது 3 என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். 70 என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

அது இஷிஹாரா சோதனை. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்டது. 12 எல்லோருக்கும் தெரியும்படி வரைந்தது. சோதனை எப்படி என்று பழக்கிவைக்க. அடுத்த பக்கத்தில் ஊருக்குத் தெரிவது 8, சிவப்பு பச்சை மயங்கும் கண்ணுக்கு 3. 29 இருக்கும் இடத்தில் எங்களுக்கு 70. வெறுமனே மறைத்துவைக்காமல் எங்களுக்கென்று தனியாக ஒரு தப்பு எண்ணையும் வரைந்து வைத்திருக்கிறார் மனிதர்! புதிர் ஆட்டம் செய்பவர்களுக்கு இருக்க வேண்டிய மூளை. ஒரு ஜப்பானியர் எனக்காகவே என்பதுபோல நிறத்தை எடுத்துவிட்டு ஆட்டம் செய்தார், இன்னொருவர் நிறத்தை வைத்தே என்னைப் பிடித்தார்.

"கலர் பாத்து ஒயர் சேக்குற வேலைப்பா" என்றார் டாக்டர், வருத்தத்தோடுதான். பிறகு கேட்டார்: "அம்மாகூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

எங்கள் பக்கம் மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். கண் சமாச்சாரமும் அந்த வழியில்தான் வருகிறது. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் அம்மா கொடுப்பது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்து, அவளை ஒன்றும் செய்யாமல் கடந்து, மகனிடம் வெளிப்படும். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவருக்கு உண்டாம், பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவருக்குத்தான். எங்கள் குடும்பத்தில் கணக்கு இன்னும் தாராளம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா நம்பவில்லை. ஐம்பது வயதுவரை மாந்தோப்புக் குத்தகை எடுத்து, கிருஷ்ணகிரி மண்டியில் பெயரும் எடுத்தவர். பெங்களூரா, நீலம், மல்கோவா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். செந்தூராவின் சிவப்பு தெரிகிறதா என்று கேட்டேன். "கலரப் பாத்து எவனாவது மாங்கா வாங்குவானா? தோளு ரொம்பிருக்கான்னு பாக்கணும், காம்ப மோந்து பாக்கணும்" என்றார். அத்தை அடுக்களையிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அரக்குச் சேலைன்னு சொல்லி மூணு தடவ பச்ச வாங்கிட்டு வந்தாருப்பா." மாமா வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். அதற்குமேல் பேசவில்லை.

அதன்பிறகுதான் கவனித்தேன், எங்கள் சீமையே பெரிய நிறச்சேர்க்கை ஆட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓசூரில் ஒயர் சேர்க்கும் வரிசைகளில் உட்காரும் பெண்கள், வண்டிக்குப் பூசிய பெயிண்ட்டில் ஷேடு மாறியிருக்கிறதா என்று விளக்கடியில் பார்ப்பவர்கள், பிப்ரவரிக்காகத் தாஜ்மஹால் ரோஜாவைத் தரம்பிரிப்பவர்கள். அந்த ரோஜா எனக்கு இலையோடு இலையாக இருண்டு கிடக்கும். ஜூஜூவாடி தாண்டினால் மூன்று எழுத்தில் கடைப் பலகைகள், இரண்டு மாநிலத்துப் பஸ்கள். பஸ் நிறத்தை நான் நம்புவதில்லை, போர்டைத்தான் படிப்பேன். சிக்னலில் எது மேலே எரிகிறது என்று பார்ப்பேன். குறை மிதமாக இருப்பவர்களுக்கும் ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று 2020இல் விதியைத் திருத்தினார்கள். தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு அதைத் தரச்சொல்லி 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளிதழில் படித்த அன்று அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை, எனக்கு அப்போதே முப்பத்தேழு வயது.

நான் கிரானைட் யார்டில் கணக்கெழுதப் போனேன், அங்கேயே நின்றுவிட்டேன். கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாரடைஸோ கல்லில் அலையலையாக வரி ஓடும். ஒரே கல்லில் அறுத்த பலகைகளைத் தொடர்ச்சி விடாமல் சேர்த்து அனுப்பவேண்டும். வந்த புதிதில் ஒரு லோடில் சாக்பீஸ் எண் அழிந்து பலகைகள் கலந்துபோயின. எல்லோரும் நிறத்தை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நான் வரியின் ஓட்டத்தைப் பிடித்து அடுக்கிவிட்டேன். எனக்கு நிறம் பார்க்கும் வேலையே இல்லையே. முதலாளி என்னைக் கலர் நிபுணன் என்றார். திருத்தவில்லை.

பத்து வருஷத்துக்கு முன் டாக்டர் மாரியோவின் வண்ணப் பதிப்பைக் கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்தேன். பாட்டிலுக்குள் கறுப்புப் பின்னணி. சிவப்புக் கிருமி அந்தக் கறுப்பில் கரைந்துபோயிற்று. இருபதாம் கட்டம் முடித்தவன் ஐந்தாம் கட்டத்தில் திணறினேன். நிறத்தை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் சேர்த்துவைக்கும் ஆட்டங்கள் உண்டு. கேண்டி கிரஷ்ஷில் ஒவ்வொரு மிட்டாய்க்கும் தனி உருவம். 1996இல் கேம் பாய்க்கு வந்த டெட்ரிஸ் அட்டாக்கில் இதயம், நட்சத்திரம், முக்கோணம் என்று கட்டைக்குக் கட்டை குறி இருக்கும். அவற்றில் யாரோடும் மோதுவேன்.

போன கோடை விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி கிடைத்தது. மகளுக்குப் பதினொரு வயது. செல் கசிந்து துருவேறிய தகட்டைத் தேய்த்து, புதுச் செல் போட்டதும் உயிர் வந்துவிட்டது. "கலரே இல்லையேப்பா" என்றாள். பெயர்களைச் சொல்லிக்கொடுத்தேன். "சுண்ணாம்புன்னா எது?" என்று கேட்டாள். கேஸ் அடுப்பு வீட்டில் கரியும் சாம்பலும்கூட விளக்கம் கேட்கின்றன. அவளே வேறு பெயர் வைத்துக்கொண்டாள்: கோக், சிமெண்ட், தயிர்சாதம். அடுத்த வாரமெல்லாம் வாசற்படியில் அவளும் நானும் மாற்றி மாற்றி ஆடினோம்.

ஒரு சாயங்காலம் எட்டாம் கட்டத்தில் மூன்றே கிருமிகள் பாக்கி. என் முறை. அவள் என் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நிறுத்துங்க. லைட்டு மங்குது, செல்லு தீந்துபோச்சு."

"எந்த லைட்டு?" என்றேன்.

திரைக்கு இடப்பக்க ஓரத்தில் விரலை வைத்தாள். "இது. செவப்பா எரியுதே, நீங்க பாத்ததில்ல?"