நெட்டையன் போன பிறகு

சென்ற மாதம் களமருதூருக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டில் கிரகப்பிரவேசமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, சும்மாதான் போனேன். காரணமில்லாமல் ஊருக்குப் போகிறவனை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் பஸ் மாறும்போதே தெரிந்தவர் ஒருவர், "என்ன விசேஷம்? நிலத்தை விக்கப் போறீங்களா?" என்று விசாரித்துவிட்டார். விற்பதற்கு என்னிடம் நிலம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டில் காலெடுத்து வைத்தால் ஒரே நிசப்தம். அக்கா மகன் திண்ணைத் தூணில் சாய்ந்தபடி, எதிரே இருக்கும் தெருவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. இந்த வயதில் இப்படி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று, கதை எழுதுகிறவனுக்கு உரிய அவசரத்தோடு நான் முடிவு கட்டிவிட்டேன்.

சமையற்கட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அவன ஒண்ணும் கேக்காத தம்பி. நாலு நாளா எழவு விழுந்த வீடு மாதிரி கெடக்கு. சோறும் சரியாத் தின்னல. என்னடான்னா, 'நெட்டையன் போயிட்டாம்மா'ங்கறான். நானும் பதறிப்போயி, ஐயோ, அந்தப் புள்ள எப்பிடிடா செத்தான்னு கேட்டுட்டேன். மெட்ராசு காலேசுக்குப் போயிட்டானாம்!"

திண்ணைக்கே திரும்பி வந்து விவரம் கேட்டேன். நெட்டையன் இவர்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் மைய ஆட்டக்காரன். உயரம் 6 அடி 4 அங்குலம். கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளை. கரும்பு வெட்டப் போகிற குடும்பம். எங்கள் பக்கத்தில் அந்த உயரத்துக்கு ஆள் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் கபடியோ வாலிபாலோ கொண்டுபோய்விடும். தப்பித் தவறிக் கூடைப்பந்துக்கு வந்து சேர்ந்த பையன் இவன். அணி 50 புள்ளி எடுத்தால் அதில் 30 அவனுடையது. மிச்சமும், எதிராளிகள் மூன்று பேர் அவனை மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் கையிலிருந்து தற்செயலாக விழுந்தவை. சென்னைக் கல்லூரி ஒன்று அவனை அழைத்துக்கொண்டுவிட்டது. சம்பளம் கிடையாது, விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், இரண்டு ஜோடி ஷூ. போட்டிகளுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறதாம்.

"துரோகி மாமா அவன்" என்றான் மருமகன்.

எனக்கு இந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி இலாகா என்று கூடைப்பந்துக்காக வேலை கொடுக்கிற இடங்கள் எல்லாம் சென்னையில் இருக்கின்றன. அங்கே நாலு பேர் கண்ணில் பட்டால் பையனுக்கு உத்தியோகம்; அவன் அப்பன் கையிலிருந்து கரும்பு வெட்டும் கத்தி இறங்கும். இதைத் துரோகம் என்பவன் சோற்றுக் கவலை அறியாதவன். சொன்னேன். மருமகன் பதில் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "அது சரி மாமா, இந்த வருஷம் நாங்க தேறுவோமா?" என்று கேட்டான்.

என்னிடம் இதைக் கேட்பதற்கு அவனுக்கு ஆதாரம் உண்டு. அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. அதில் 9 என்று எண் போட்ட பனியனோடு, ஒல்லியாக, விறைத்துக்கொண்டு நிற்பவன் நான். இண்டர்மீடியட் என்ற வகுப்பு ஒழிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டோடு கல்லூரியை விட்டு நானாகவே இண்டர்மீடியட் ஆனவன். அந்த இரண்டு ஆண்டில் உருப்படியாகச் செய்தது கூடைப்பந்து ஆடியதுதான் என்பது குடும்பத்தாரின் அபிப்பிராயம்.

"வா, களத்துப் பக்கம் போகலாம்" என்று கிளப்பினேன்.

ஊருக்குப் பெயர் வந்த காரணம் தெரியாது. ஆனால் பெயரில் களம் இருக்கிறது என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பெருமை. நெல் அடித்த களம் ஒன்றில்தான் இப்போது மருமகனின் பந்தாட்ட மைதானம். பனங்கட்டை ஒன்றை நட்டு, பலகை அறைந்து, ரோட்டோரத்து வெல்டிங் பட்டறையில் 18 அங்குல விட்டத்துக்கு வளைத்து வாங்கிய இரும்பு வளையத்தை மாட்டியிருக்கிறான். மூங்கிலால் அளந்து சரியாகப் 10 அடி உயரம். அந்த 10 அடிக்கு ஒரு கதை உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார், பனிக்காலத்தில் பையன்களைக் கட்டி மேய்க்க ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடை இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடிக் கைப்பிடியில் அடித்தார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. 130 ஆண்டுக்கு மேல் ஆகியும் உலகம் அதை ஓர் அங்குலம் மாற்றவில்லை.

அந்த நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகப் போனார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் அணி அங்கே ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்! நடந்துகொண்டே இதைச் சொன்னபோது மருமகன் நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். சிரித்துவிட்டு, கைப்பேசியை எடுத்து நான் சொன்னது மெய்யா என்று பார்த்துக்கொண்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கதை விட முடியாது.

"அதே கான்சாஸுக்குப் பின்னால் ஒரு நெட்டையன் வந்தான். வில்ட் சேம்பர்லின். 7 அடி 1 அங்குலம். 1957இல் இறுதி ஆட்டத்தில் வட கரோலினாவிடம் ஒரே ஒரு புள்ளியில், 54க்கு 53 என்று, தோற்றார்கள். அதுவும் மூன்று தடவை கூடுதல் நேரம் ஆடி! அடுத்த வருஷம் ஆடிவிட்டு, படிப்பு முடிய ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே சேம்பர்லின் போய்விட்டான். அந்த வருஷம் கான்சாஸ் ஜெயித்தது 11, தோற்றது 14."

"அப்ப எங்க கதியும் அதான்."

"இரு. இன்னொரு நெட்டையன் இருக்கிறான்."

லாஸ் ஏஞ்சலிஸில் யு.சி.எல்.ஏ. என்ற பல்கலைக்கழகத்தில் லூ அல்சிண்டர் என்ற மாணவன் 1967, 68, 69 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தான். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகமே அறிந்தவன் அவன்தான். 7 அடி 2 அங்குலம். மூன்று ஆண்டில் 88 ஆட்டம் ஜெயித்துத் தோற்றது இரண்டே இரண்டு. வளையத்துக்கு மேலே கையை நீட்டிப் பந்தைத் திணிப்பதையே 1967இல் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்தார்கள். இவனை மனத்தில் வைத்துத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பேர்ப்பட்டவன் 1969இல் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டான்.

மறு வருஷமும் யு.சி.எல்.ஏ.தான் சாம்பியன். 1970 மார்ச்சில் இறுதி ஆட்டம்; எதிரே ஜாக்சன்வில். அவர்களிடம் ஆர்ட்டிஸ் கில்மோர் என்று ஒரு 7 அடி 2 அங்குலம். இந்தப் பக்கம் 6 அடி 8 அங்குல சிட்னி விக்ஸ். முந்தைய வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தவன். அவன் கில்மோர் எறிந்த பந்துகளை அந்தரத்திலேயே தட்டித் தட்டி விழுத்தினான். 80க்கு 69. அல்சிண்டர் நின்ற இடத்தில் அன்று நின்றவன் ஸ்டீவ் பாட்டர்சன். அல்சிண்டர் ஆடிய காலத்தில் அவனுக்கு மாற்றாக இருந்தவன். அந்த வருஷத்து ஐந்து பேரின் கணக்கைப் பார்த்தால், ஒவ்வொருவனும் ஆட்டத்துக்குச் சராசரி பத்துப் புள்ளிக்கு மேல் எடுத்திருக்கிறான். ஒருவன் போன இடத்தில் ஐந்து பேர் முளைத்துவிட்டார்கள்.

அங்கே பயிற்சியாளர் ஜான் வுட்டன். வருஷத்தின் முதல் நாள் அவர் பாடம் என்ன தெரியுமோ? காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்து, ஷூவை ஒழுங்காகக் கட்டுவது. சாம்பியன்களுக்கும் அதே பாடம். காலில் கொப்புளம் வந்தால் ஆட்டம் போச்சு என்பது அவர் கட்சி. அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கூடை போட்டவன், தனக்குப் பந்து கொடுத்தவனைப் பார்த்து ஒரு தலையசைப்போ புன்னகையோ செலுத்த வேண்டும். 'அவன் என்னைப் பார்க்காவிட்டால்?' என்று ஒரு பையன் கேட்டானாம். நிச்சயம் பார்ப்பான் என்றாராம் வுட்டன். எனக்கு இந்த மனிதரிடம் மதிப்பு ஏற்பட்டது அவர் வாங்கிய பத்துப் பட்டங்களால் அல்ல, இந்த ஒரு பதிலால்தான்.

மருமகன் சுலபத்தில் மசிகிறவன் இல்லை. "மாமா, அவங்களுக்கு நாடு பூராவிலேருந்தும் பொறுக்கி எடுத்த ஆளுங்க. அதுல ஒருத்தன் போனா என்ன? எங்களுக்கு இருந்ததே ஒருத்தன்" என்றான்.

வாஸ்தவம்தான். இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதையில், பதினைந்தாவது வாரத்தில் கதாநாயகனை ஊரை விட்டு அனுப்பிவிட்டேன். கதைக்கு அது அவசியமாகத்தான் இருந்தது. பதினாறாவது வாரம் எழுத உட்கார்ந்தபோதுதான் ஆபத்து புரிந்தது. மிச்சமிருந்த பாத்திரங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு மூலையில் வாயடைத்து நின்றார்கள். அவனைப் பற்றிப் பேசுவதைத் தவிர வேறு எதையும் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நாலு வாரம் தட்டுத் தடுமாறி, அவனை ரயிலேற்றித் திரும்ப அழைத்து வந்தேன். வாசகர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

"உங்க அணியில் மற்ற நாலு பேருக்கும் எந்த இடத்திலிருந்து போட்டால் பந்து விழும்?" என்று கேட்டேன்.

யோசித்தான். "தெரியாது மாமா. போட்டாத்தானே தெரியும்? அவன் இருக்கும்போது வேற யாராவது போட்டா சார் திட்டுவாரு."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது."

களத்துக்கு வந்துவிட்டோம். வெயில் தாழ்ந்திருந்தது. அவன் பந்தைத் தட்டிக்கொண்டே திடீரென்று, "அந்தப் போட்டோ எடுத்த வருஷம் நீங்க ஜெயிச்சீங்களா மாமா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியை அவன் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து கேட்டு வருகிறான். அதெல்லாம் பெரிய கதை என்று இதுவரை ஒப்பேற்றி வந்தேன். அன்றைக்கு என்னவோ, சொல்லிவிட்டேன்.

எங்களுக்கும் ஒரு நெட்டையன் இருந்தான். இரண்டு வருஷமும் என் வேலை பந்தை அவனிடம் சேர்ப்பது. இடது மூலையிலிருந்து எனக்குக் கூடை விழும். விடிகாலையில் யாரும் இல்லாத மைதானத்தில் போட்டுப் பார்த்து எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது. நாங்கள் போட்டிக்குப் போகுமுன் அவனுக்குப் போலீஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வழியனுப்பப் பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். இரண்டு பேர் அழுதார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனிமேல் பந்து நமக்கும் வரும் என்று.

வந்தது. முதல் ஆட்டத்திலேயே வந்தது. 42க்கு 41 என்று பின்தங்கி நிற்கிறோம்; ஆட்டம் முடியச் சில விநாடிகள். இடது மூலையில் நான் தன்னந்தனியாக நிற்கிறேன். பந்து கையில் இருக்கிறது. எதிரில் ஒருவனும் இல்லை. கை தானாக உயர்ந்தது. வளையத்தைப் பார்த்து அல்ல. நெட்டையன் எப்போதும் நிற்கிற அந்த இடத்தைப் பார்த்து. வீசிவிட்டேன். அங்கே ஆள் இல்லை. பந்து கோட்டைத் தாண்டி, வேலியோரத்துச் சாக்கடையில் போய் விழுந்தது.

என்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. நெட்டையன் இல்லாததால் தோற்றோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

மருமகன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். "ஏன் மாமா, நீங்களே போட்டிருக்கலாம்ல?"

போட்டிருக்கலாம்தான்.

பிறகு விளையாட்டைப் பற்றியே பேசினோம். யு.சி.எல்.ஏ. 1964இல் முதல் பட்டம் வாங்கியபோது ஆட்டம் தொடங்கும் ஐவரில் ஒருவன்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவன் இல்லை. மைதானத்தின் முழு நீளத்துக்கும் எதிராளியைத் துரத்தித் துரத்தி மூச்சு வாங்க வைத்து, 30 ஆட்டத்தில் 30ஐயும் ஜெயித்தார்கள். இதையும் அவன் கைப்பேசியில் பார்த்தான். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இந்த வருஷம் பட்டம் வாங்குவீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் அது நடக்கிற காரியம் அல்ல. முதல் ஆட்டத்தில் தோற்றாலும் ஆச்சரியமில்லை என்றுகூடச் சொன்னேன். அவனுக்கு அது வருத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை.

பனங்கட்டைக்கு வலது பக்கம், வைக்கோல் போரை ஒட்டி நின்று போட ஆரம்பித்தான். முதல் ஏழும் வளையத்தில் படவேயில்லை. எட்டாவது பலகையில் பட்டு என் தலைக்கு மேல் போயிற்று. நகர்ந்து நேர் எதிரே நின்று போட்டான், இரண்டு விழுந்தன. இன்னும் நகர்ந்தான். பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. நாற்பதைத் தாண்டிய உடம்பு. முள்ளுச்செடிக்குள் இரண்டு தடவை குனிந்ததுமே இடுப்பு பிடித்துக்கொண்டது. இருட்டுகிற வரைக்கும் 60 போட்டான். 14 விழுந்தது. அதில் ஒன்பது ஒரே இடத்திலிருந்து.

"எந்த இடம்னு பாத்தீங்களா மாமா?" என்றான்.

காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து அடையாளம் வைத்தான். தெரு முனையிலிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் பத்தே பத்து" என்று பந்துக்காகக் கையை நீட்டினான்.