நீதித்துறையில் ஒரு தாய்

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி சிறார்க்கென எழுதி 1993-இல் வெளிவந்த புதினம் 'தி கிவர்'. 1994-இல் நியூபெரி பதக்கம் பெற்ற இந்நூலை ஒப்பிலக்கிய வகுப்பில் எடுத்துக்கொண்டபோது, மாணவர் சிலர் கூறிய முதற்கருத்து என்னைத் திகைக்கச் செய்தது. "இது நீதியான சமூகந்தானே, ஐயா?" என்றனர். அவர்தம் கூற்றில் பொருளில்லாமல் இல்லை. அங்கே பிறப்பால் எவர்க்கும் தொழில் அமைவதில்லை. மூத்தோர் குழு ஒவ்வொரு குழந்தையையும் பல்லாண்டுகள் உற்றுநோக்கி, 12 வயதில் அதற்குரிய பணியை அறிவிக்கிறது. பரிந்துரை இல்லை, கையூட்டு இல்லை, வேலை தேடி அலைவோரும் இல்லை. தத்தமக்குரிய பணியைத் தாம் செய்தலே நீதி எனப் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் வகுத்த இலக்கணத்திற்கு இதனினும் பொருந்திய ஊர் கிடைப்பது அரிது.

இப்புதினத்தைப் பேசுவோர் பெரும்பாலும் கதைத்தலைவன் ஜோனஸின் தந்தையையே சுட்டுவர். அவர் பச்சிளங்குழந்தைகளைப் பேணும் பணியினர். இரட்டையராய்ப் பிறந்தோருள் எடை குறைந்த குழந்தையைக் கொஞ்சுமொழி பேசிக்கொண்டே ஊசியிட்டுக் கொல்கிறார். அதற்கு அவ்வூரார் இட்ட பெயர் 'விடுவித்தல்'. இக்காட்சியின் கொடுமை வெளிப்படையானது, விளக்கம் வேண்டாதது. என் மனம் நிற்பது ஜோனஸின் தாயிடம்.

அவள் நீதித்துறையில் உயர்பொறுப்பு வகிப்பவள். இரவு உணவுக்குப்பின் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அன்றைய தம் உணர்வுகளை எடுத்துரைத்தல் அவ்வூர் வழக்கம். ஒருநாள் அவள் தன் துயரைச் சொல்கிறாள். முன்னரே தண்டனை பெற்ற ஒருவன் மீண்டும் விதியை மீறி அவள்முன் நிறுத்தப்பட்டிருக்கிறான். அவன்மேல் அவளுக்குச் சினம். அவனைத் திருத்த இயலவில்லையே என்னும் குற்றவுணர்வு. மூன்றாம் முறை தவறினால் அவன் விடுவிக்கப்படுவானே என்னும் அச்சம். கணவனும் பிள்ளைகளும் அவளைத் தேற்றுகின்றனர். பின்னர் அடுத்தவர் முறை வருகிறது. மூன்றாம் முறைக்கு ஏன் அவ்விதி என்று அவளும் கேட்பதில்லை, பிறரும் கேட்பதில்லை. அவள் துயரம் பொய்யன்று. பொய்யாக இருந்திருப்பின் அப்பகுதி என்னை இவ்வளவு தொல்லைப்படுத்தியிராது. உணரவும் சொல்லவும் ஆறுதல் பெறவும் அச்சமூகம் இடம் தந்துள்ளது. விதி மட்டும் இருந்தவாறே இருக்கிறது.

அவளைப் பழிக்க எனக்குத் தகுதியில்லை. முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், வருகை 75 விழுக்காட்டிற்குக் குறைந்தோரைத் தேர்வெழுத விடுவதில்லை. இரவில் வேலைக்குச் சென்று படித்த மாணவன் ஒருவன் சில நாள்களே குறைந்திருந்தான். பட்டியலில் கையொப்பமிடுதல் என் பணி. விலக்களித்தல் பிறிதொருவர் பணி. அவனுக்காக மேலிடத்திற்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதக்கூடாதென்று எவரும் தடுக்கவில்லை; எழுதுக என்றும் எவரும் சொல்லவில்லை. கையொப்பமிட்டேன். அன்றிரவு உண்ணும்போது மனைவியிடம் அதைச் சொல்லி வருந்தினேன். "நீங்கள் என்ன செய்ய முடியும்?" என்றாள். மனம் இலேசாயிற்று, நன்றாக உறங்கினேன்.

அடுத்த ஆண்டுதான் இப்புதினத்தை முதன்முறையாகப் படித்தேன். தாய் பேசும் அப்பகுதிக்கு வந்ததும் நூலை மூடி வைத்துவிட்டேன். மீண்டும் எடுக்கச் சில வாரங்கள் ஆயின. அம்மாணவன் அதற்கடுத்த பருவத்திலும் தேர்வெழுத வரவில்லை.