கரப்பான் பண்டம்

கோவில்பட்டியில் பிறந்தவனுக்குக் கடலை மிட்டாய் கூடாதென்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கடைத்தெருப் பக்கம் போனாலே வெல்லப்பாகு காயும் வாசமும் வறுத்த கடலை வாசமும் சேர்ந்து ஆளை இழுக்கும். கண்ணாடி ஜாடிக்குள் ரோஸ் நிறத் தேங்காய்ப்பூ தூவிய மிட்டாய்கள் அடுக்கியிருக்கும். அண்ணன் ஒன்றை வாங்கி, நான் கவனிக்கிறேனா என்று உறுதிசெய்துகொண்டு, ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கடிப்பான். எனக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். கடலையோ கரப்பான் பண்டம். ஆச்சி சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

கடலையோடு நின்றதா? கத்திரிக்காய், கருவாடு, மொச்சை, வாழைக்காய், சோளம், கம்பு என்று ஆச்சியின் பட்டியல் நீண்டது. அந்தக் காலத்துக் கரிசக்காட்டு வீட்டில் சோளத்தையும் கம்பையும் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மற்றவர்கள் மோர் ஊற்றிக் கம்மங்கஞ்சி குடிக்க, எனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் நெல்லுச்சோறு வெந்தது. அதற்கு மிளகு ரசம், பாசிப்பயறுக் கடையல். “எனக்கும் கொஞ்சம் கரப்பான் வரட்டும்மா” என்று சித்தப்பா என் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

குளிக்கச் சோப்பு கிடையாது, பாசிப்பயறு மாவுதான். அருகம்புல்லை இடித்துப் பிழிந்த சாற்றைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றி, சடசடப்பு அடங்கும்வரை ஆச்சி காய்ச்சுவாள். பச்சை வாடையும் கருகல் வாடையும் கலந்த அந்த எண்ணெயை, குளித்த ஈரம் காயுமுன் மடிப்பு மடிப்பாகத் தடவிவிடுவாள். ராத்திரி சொறியக் கூடாதென்று பழைய வேட்டித் துணியைக் கையில் சுற்றிக் கட்டுவாள். நான் துணியோடு சேர்த்துத் தேய்ப்பேன்.

மார்கழி பிறந்தால் அரிப்பு கூடிவிடும், விசாரணையும் தொடங்கிவிடும். “ஏல, என்னத்தத் தின்ன? உள்ளதச் சொல்லு.” வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பாள். கடலை வாசம் இருக்காது. ஆனாலும் சந்தேகம் தீராமல் அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள். பனிக்காற்றில் தோல் வறண்டு போவதுதான் காரணமென்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்! பெரிய வகுப்புக்குப் போனபோது, பல பிள்ளைகளுக்கு ஆவதுபோல, கரப்பான் தானாகத் தணிந்தது. பெயரைப் பத்தியம் தட்டிக்கொண்டு போனது.

இப்போது பேத்திக்கும் அதே மடிப்புகளில் அதே சிவப்பு. தோல் டாக்டர் முதலில் கேட்டது பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்றல்ல, என்ன சோப்பு போடுகிறீர்கள் என்றுதான். தோலுக்குக் காப்பாக இருக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுதிருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். காப்பு தளர்ந்தால் தோலின் ஈரம் வெளியேறிவிடும். முட்டை, பால், கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டுதான். கரப்பான் உள்ள எல்லாரும் அப்படியல்ல. 2015இல் வெளியான லண்டன் ஆய்வைக் கேட்டால் ஆச்சி நம்பியே இருக்கமாட்டாள்: கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்குக் கடலையை விலக்காமல், டாக்டர்கள் மேற்பார்வையில் சீக்கிரமே கொடுத்துப் பழக்கினார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, கடலையை விலக்கி வளர்த்த பிள்ளைகளைவிட இவர்களிடம் கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காக இருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கரப்பான் இருந்தால், குளித்த கையோடு டாக்டர் சொன்ன களிம்பைத் தடவுங்கள். ஏதாவது தின்றவுடன் தடிப்போ வாந்தியோ வந்தால் அதை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். மற்றபடி, வெறும் சந்தேகத்தின் பேரில் வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் எடுத்துவிடாதீர்கள்.