லாரன்ஸின் சனிக்கிழமைகள்

கான்சஸ் மாநிலம் பாய் விரித்தாற்போல் தட்டையாக இருக்கும் என்று சொல்லித்தான் என்னை அனுப்பிவைத்தார்கள். லாரன்ஸ் ஊரில் இறங்கி, முதுகுப் பையோடு கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஏறிய முதல் வாரமே மூச்சு வாங்கியது. மவுண்ட் ஓரியட் என்ற மேட்டின் மேல் வளாகம் உட்கார்ந்திருக்கிறது. அதன் வடக்குச் சரிவில் காம்பனைல் மணிக்கூண்டு. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த மாணவர்களின் நினைவாக எழுப்பி 1951-ல் திறந்தது. சரிவின் அடியில் 1921-ல் திறந்த மெமோரியல் ஸ்டேடியம். அது முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கு.

பட்டமளிப்பு நாளில் மாணவர்கள் மணிக்கூண்டின் நடுவாசல் வழியாக நுழைந்து, சரிவில் இறங்கி ஸ்டேடியத்துக்குள் போவார்கள். அதற்கு முன்னால் அந்த வாசலைத் தாண்டியவனுக்குப் பட்டம் கிடைக்காது என்று ஒரு நம்பிக்கை. சகுனம் பார்ப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்களா என்ன? நாங்களும் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

நான் அங்கே போனது 2013-ல். அப்போது ஸ்டேடியம் லாட வடிவில் இருந்தது, தெற்குப் பக்கம் திறந்தபடி. மணிக்கூண்டுச் சரிவின் புல்லில் உட்கார்ந்தால் டிக்கெட் இல்லாமலே அமெரிக்க ஃபுட்பால் பார்க்கலாம். எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கு அதுதான் கேலரி. புளியோதரை டப்பா சுற்றி வரும். மதுரை நண்பன்தான் விதிகளைச் சொல்லிக்கொடுத்தான்: “நாலு சான்ஸ் மாப்ள. அதுக்குள்ள பத்து கஜம் போகணும். போகலைன்னா பந்தை அவன்கிட்ட குடுத்துரணும். அவ்ளோதான்.” கான்சஸ் அணியைப் பார்த்தே ஆட்டம் கற்றதால், பத்து கஜம் போவது எப்போதாவது நடக்கும் அதிசயம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அதே வளாகத்தின் இன்னொரு பக்கம் ஆலன் ஃபீல்டுஹவுஸ். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளர். வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே பயிற்சியாளரும் அவர்தான் என்பதை ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த அரங்கில் அப்போது 16,300 பேர் உட்காரலாம். ஆனாலும் நல்ல இடம் பிடிக்க மாணவர்கள் குழு சேர்ந்து, பட்டியலில் பெயர் போட்டு, நாள் கணக்கில் முறை வைத்துக் காவல் காப்பார்கள். ஊருக்குப் புதிதாய் வந்தவன் அங்கே ஓரமாகத்தான் நிற்க வேண்டும்.

ஃபுட்பால் ஸ்டேடியத்திலோ பாதி ஆட்டத்துக்குள் பாதி இருக்கைகள் காலி. ஊர்ப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, வீட்டில் யாரும் வரவில்லை என்று கையில் மிஞ்சிய டிக்கெட்டுகளை எங்களிடம் தருவார். பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார். 2007-ல் மார்க் மாங்கினோ பயிற்சியில் அணி 12 ஆட்டம் ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்றது, 2008 தொடக்கத்தில் ஆரஞ்ச் பவுலில் வர்ஜீனியா டெக்கை 24–21 என வீழ்த்தியது, அந்த ஏப்ரலிலேயே கூடைப்பந்து அணி தேசியப் பட்டம் வென்றது. “அந்த ஒரு வருஷம் எங்களுக்கு எல்லாமே கிடைச்சுது தம்பி” என்கிற தொனியில் சொல்லி முடிப்பார்.

பிறகு ஏன் சரிந்தது? அவர் வாயிலிருந்தும் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. 2009 முடிவில், ஆட்டக்காரர்களை நடத்திய விதம் பற்றிய விசாரணைக்கு நடுவே மாங்கினோ விலகினார். அடுத்து வந்த டர்னர் கில் இரண்டே ஆண்டில் போனார். அவருக்குப் பின் சார்லி வைஸ். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர், தொழில்முறை அணியான பேட்ரியட்ஸோடு சூப்பர் பவுல் வென்றவர். பெரிய பெயர்.

கல்லூரி ஃபுட்பாலில் அப்போது கணக்கு ஒன்று இருந்தது. அன்றைய விதிப்படி ஓர் அணி 85 பேருக்கு உதவித்தொகை தரலாம். ஆனால் ஓர் ஆண்டில் புதிதாக 25 பேரைத்தான் சேர்க்கலாம். பள்ளி முடித்து வரும் பையன் நான்கைந்து ஆண்டு இருப்பான், மெதுவாகத் தேறுவான். ஜூனியர் காலேஜ் என்ற ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வருபவன் பழகிய கை, ஆனால் பெரும்பாலும் இரண்டே ஆண்டு. முந்தையவர் எடுத்த பையன்கள் பலரை அனுப்பிவிட்ட வைஸ், உடனே ஜெயிக்க வேண்டும் என்று ஜூனியர் காலேஜ்காரர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்தார். அவர்களில் சிலர் படிப்பில் தேறவில்லை, சிலர் நிலைக்கவில்லை. விதைநெல்லைக் குத்திச் சமைத்த கதைதான். 2014-ல் நான்கு ஆட்டம் முடிந்ததும் அவரை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி மிச்சப் பணமும் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்த டேவிட் பீட்டியின் கையில் இருந்தது 60 பேர் அளவுக்குத்தான். ஆண்டுக்கு 25 என்ற வரம்பு இருக்கும்போது அந்தப் பள்ளத்தை ஒரே வருடத்தில் நிரப்ப முடியாது. 85 பேர் சுமக்க வேண்டியதை அந்தப் பையன்கள் சுமந்தார்கள்.

2015-ன் முதல் ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட், ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்தது. கான்சஸ் பின்தங்கி, விரட்டிப் பிடித்து, 41–38 வரை வந்துவிட்டது. கடைசி நொடிகள். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கித் தரையில் அடித்தால் கடிகாரம் நிற்கும். ஃபீல்டு கோல் உதைத்துச் சமன் செய்து பார்க்கலாம். வந்த பந்து கையில் நிற்காமல் நழுவியது. அவர் குனிந்து எடுப்பதற்குள் நேரம் முடிந்தது. அந்த ஆண்டு பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டும் தோல்வி.

அப்படியும் அடுத்த சனிக்கிழமை கூட்டம் வந்தது. குறைவாகத்தான், ஆனால் வந்தது. எப்போதாவது டச் டவுன் விழும்போது கோதுமை வயல் அசைவதாகக் கைகளை உயர்த்தி ஆட்டுவார்கள். எங்கள் கைகளும் சேர்ந்து ஆடும். நீ எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. தோற்கிற அணிக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

2016 நவம்பர் 19 அன்று டெக்சாஸ் வந்தது. 1938-க்குப் பிறகு கான்சஸ் அந்த அணியை வென்றதே இல்லை. கடைசி நேர ஃபீல்டு கோலில் சமன், ஓவர்டைமில் இன்னொரு ஃபீல்டு கோல், 24–21. ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பெரியவர் ஓடவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே வாரத்தில் டெக்சாஸின் பயிற்சியாளர் வேலை போனது.

நான் ஊரை விட்டு வந்த பிறகும் சரிவு நிற்கவில்லை. 2009-லிருந்து வெளியூரில் தொடர்ந்து 46 தோல்வி. 2018-ல் சென்ட்ரல் மிச்சிகனில்தான் அது முறிந்தது. பீட்டிக்கு அடுத்து, எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அணியோடு தேசியப் பட்டம் வென்ற லெஸ் மைல்ஸ் வந்தார். இரண்டாம் ஆண்டில் ஒன்பதுக்கு ஒன்பது தோற்றார். அந்த எல்எஸ்யு காலத்துப் புகார்கள் வெளியானதும் 2021 மார்ச்சில் அவரும் போனார்.

ஏப்ரல் கடைசியில், வசந்தகாலப் பயிற்சியெல்லாம் முடிகிற நேரத்தில், லான்ஸ் லெய்போல்ட் வந்தார். விஸ்கான்சின்–வைட்வாட்டர் என்ற கீழ்ப் பிரிவுக் கல்லூரியில் ஆறு தேசியப் பட்டம் வென்றவர். கூடவே உழைத்த உதவிப் பயிற்சியாளர்கள் பலரை, தான் முன்பு பயிற்சி தந்த பஃபலோ பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்துவந்தார். இருந்த பையன்களை விரட்டாமல் தேற்றினார். அந்த நவம்பரில் டெக்சாஸின் மண்ணிலேயே 57–56. ஓவர்டைமில் வெற்றிப் பந்தைப் பிடித்தவர் ஜாரெட் கேசி. பிளெயின்வில் என்ற சிற்றூர்ப் பையன், உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்தவர். பெரிய பெயர்களைத் தேடி ஓடிய ஆண்டுகளுக்கு இதைவிடச் சரியான பதில் உண்டா?

2023-ல் ஓக்லஹோமாவை 38–33 என வென்றார்கள். கோல் போஸ்ட்டைப் பிடுங்கிக்கொண்டுபோய் வளாகத்தின் பாட்டர் ஏரியில் எறிந்தார்கள். ஸ்டேடியத்தை இடித்துப் புதுப்பித்து 2025 ஆகஸ்ட்டில் திறந்தபோது, கான்சஸ் சிட்டியிலேயே தங்கிவிட்ட மதுரை நண்பன் போன் செய்தான். “டிக்கெட் விலை கேட்டியா மாப்ள? இப்ப ஜெயிக்கிறானுங்க, நமக்கு எங்க இடம்?”

ஜெயிக்கட்டும். விலை கொடுத்தே உட்காரலாம். அணி தோற்ற காலத்தில் அந்த ஊர் எங்களுக்குச் சும்மா இடம் கொடுத்தது. கணக்கைத் தீர்க்க இதுதான் சமயம் என்றேன்.