தறியை வைத்து விசையைச் சொல்லித் தந்த ஐயாவுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

காந்திகிராமத்திலும் சின்னாளபட்டியிலும் அரசுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் காசு வாங்காமல் இயற்பியல் நடத்தினீர்கள். அவர்களில் ஒருத்தி நான். நேரில் சொல்லிவிடக்கூடிய நன்றிதான். ஆனாலும் உங்கள் முறை இன்று படிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று ஊரறிய எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே ‘இயக்க விதிகள்’தான். நிலைமம், உந்தம், கணத்தாக்கு என்று வரையறைகளை உருப்போட்டுக்கொண்டிருந்த எங்களைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனீர்கள். நெசவாளர் கயிற்றைச் சுண்டியதும் தறியில் உள்ள கட்டை, ஊடு நூலைச் சுமக்கும் நாடாவை அடிக்கிறது. நாடா பாவு நூல்களுக்கு நடுவே பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் போய் நிற்கிறது. “பாதி வழியில் அதை முன்னால் தள்ளுவது எது?” என்று கேட்டீர்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். எதுவுமே தள்ளவில்லை என்றீர்கள். அடித்ததோடு தள்ளும் விசை முடிந்தது. அப்புறம் அது ஓடுவது நிலைமத்தால். உராய்வு அதைத் தடுக்கத்தான் பார்க்கிறது. 1687-ல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

மூன்றாம் விதியையும் அங்கேயே காட்டினீர்கள். கட்டை நாடாவைத் தள்ளும் அதே அளவு விசையோடு நாடாவும் கட்டையைத் திருப்பித் தள்ளுகிறது. ஆனால் ஒரு விசை நாடாவின் மேல், மற்றது கட்டையின் மேல். அதனால் அவை ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதில்லை. தேர்வில் பலர் சறுக்கும் இடம் இதுதான்.

கணக்கிலும் அதே நிதானம். எந்தப் பொருள், அதன் மேல் என்னென்ன விசைகள், எந்தத் திசையில் என்று எழுதாமல் சூத்திரத்தைத் தொட விடமாட்டீர்கள். மதுரை ரோட்டில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வரும் பஸ்ஸை எடுத்துக்கொண்டீர்கள். 5/18-ஆல் பெருக்கினால் நொடிக்கு 15 மீட்டர். ஒரே சீராக 5 நொடியில் நின்றால் எதிர்முடுக்கம் 3 மீ/வி². அதற்குள் ஓடும் தூரம் 37.5 மீட்டர். வேகம் இரட்டித்தால், அதே எதிர்முடுக்கத்தில் 150 மீட்டர், அதாவது நான்கு மடங்கு. 60 கிலோ பயணி பஸ்ஸோடு சேர்ந்து நிற்க 180 நியூட்டன் போதும். அவரே நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கம்பியில் மோதி 0.1 நொடியில் நின்றால், உடம்பில் விழும் சராசரி விசை 9,000 நியூட்டன். கணத்தாக்கு என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அப்போது புரிந்தது.

நீங்கள் தறியை வைத்து நடத்தியது போலவே, கைத்தொழில் வழியே பாடம் என்ற ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்தார். அந்தக் கல்வியில் நம்பிக்கை வைத்த டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். போட்டித் தேர்வுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது என்பவர்கள் உங்கள் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சூத்திரம் மறந்துபோனாலும் யோசித்து வருவித்துக்கொள்ளும் தெம்பைத் தந்தீர்கள். அதைவிடப் பெரிது, எங்கள் அப்பா அம்மா அன்றாடம் செய்யும் நெசவு வேலைக்குள்ளேயே இயற்பியல் இருக்கிறது என்று காட்டினீர்கள். பாடத்தின் மேல் இருந்த பயம் போனதும், வீட்டுத் தொழிலின் மேல் மரியாதை கூடியதும் உங்களால்தான்.

என்றும் அன்புடன்,
தங்கள் மாணவி,
சின்னாளபட்டி