பிள்ளைகள் பிறருக்காகக் குரல் கொடுத்தால்...

வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பேச்சு வரும். "அம்மா, நான் உண்ணாவிரதத்துக்குப் போறேன்" என்று வந்து நிற்கும். நம் ஊர் விஷயம் என்றாலும் மனசு ஒருவாறு ஒத்துக்கொள்ளும். கடல் கடந்து வேறு நாட்டில் நடந்த அக்கிரமத்துக்காக என்றால், "நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றுதான் முதலில் வாயில் வருகிறது. நான் பத்தாவதோடு நின்றவள், அரசியல் தெரியாது. ஆனால் 2013-ல் எங்கள் வீட்டில் இதே கேள்வி எழுந்தது. அதை ஒட்டிச் சகோதரிகளிடம் நாலு வார்த்தை பேச ஆசை.

எங்கள் ஊர் மரக்காணம். திரும்பின பக்கமெல்லாம் உப்பளம். என் வீட்டுக்காரர் ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். கடைசிக் கொழுந்தன் அப்போது திண்டிவனத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் பிப்ரவரியில் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் பேப்பர்களில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு படத்தில் பதுங்குகுழியில் உட்கார்ந்து ஏதோ தின்கிறான். அடுத்ததில் நெஞ்சில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். மார்ச் 8-ந் தேதி சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 2009-ல் இலங்கைப் போரின் முடிவில் நடந்த கொலைகளுக்குச் சர்வதேச விசாரணை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. அமைத்த நிபுணர் குழுவே 2011-ல் சொல்லியிருந்தது. போலீசார் சில நாளிலேயே மாணவர்களை அப்புறப்படுத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதோடு அடங்கவில்லை. மாநிலம் முழுக்க உண்ணாவிரதம், ரயில் மறியல், மனிதச் சங்கிலி என்று பரவியது. பெண் பிள்ளைகளும் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அரசாங்கம் கல்லூரிகளை மூடி, ஹாஸ்டல்களையும் காலி செய்யச் சொன்னது. அப்படி ஊர் திரும்பிய பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? போராட்டத்தைத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

எங்கள் வீட்டில் மாமியார் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார். "ஊரான் வூட்டுச் சண்டைக்கு என் புள்ள ஏன் பட்டினி கெடக்கணும்? பரீட்சைய யாரு எழுதுவா?" என்றார். அவன், "அம்மா, உங்க பேரன் வயசுப் பையன்மா அவன்" என்றான். அத்தை பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "அவனுக்கு மோராவது கரைச்சுக் குடு" என்றார்.

நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் நோட்டீசையும் படங்களையும் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனான். விடியற்காலையில் இறங்கி உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் கரையேறுகிற பெண்களிடம் பேசியிருக்கிறார்கள். ஒருத்தி கேட்டாளாம்: "ஏன் தம்பி, இத்தினி வருசமா உப்புத் தண்ணியில நின்னு எங்க காலு வெடிச்சுப் போவுது. இதுக்கு எந்தச் சபையில பேசுவீங்க?" பிள்ளைகள் திணறிப் போனார்கள். ஆனால் அவளேதான் நோட்டீசை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "யாரு பெத்த புள்ளையோ" என்றாளாம்.

அந்தக் கேள்வி நியாயம்தானே? தூரத்து நெருப்புக்கு ஓடுகிறவர்கள் பக்கத்துப் புகையையும் பார்க்க வேண்டும். எங்களுக்குப் பக்கம் என்றால், புதுச்சேரி போகிற வழியில் கீழ்ப்புத்துப்பட்டு முகாம். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அங்கே பல வருஷமாக வாழ்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு இந்த மாதிரி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஆனாலும் தாய் தகப்பன் இருவரும் அகதிகளாக இருந்தால், இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைக்குக்கூடக் குடியுரிமை தானாகக் கிடைப்பதில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை.

அங்கே எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண்ணிடம் அந்த மாணவர்களைப் பற்றிக் கேட்டேன். "பொடியள் கத்தினதாலே செத்தவை திரும்பி வரப்போறதில்லை அக்கா. ஆனா எங்களுக்காகக் கேக்க ஒரு சனம் இருக்கெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 2013 மார்ச் 21-ல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலின் தீர்மானம் 25 ஓட்டில் நிறைவேறியது; எதிர்த்தது 13 நாடுகள். இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஆனால் 2021-லும் 2022-லும் வந்த தீர்மானங்களில் யார் பக்கமும் ஓட்டுப் போடாமல் இருந்துவிட்டது. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சித் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காகியும் விடை கிடைக்காமல் அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அர்ஜென்டினாவிலும் 1977-ல் இப்படித்தான் தாய்மார்கள் வெள்ளை முக்காடு போட்டுச் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வராமலே தெரிந்துகொள்கிற பிள்ளையை நாம் ஏன் தடுக்க வேண்டும்?

தடுக்க வேண்டியதும் உண்டு. அதே மார்ச்சில் இலங்கையிலிருந்து வந்த புத்த பிக்குகள் தஞ்சாவூரிலும் சென்னையிலும் தாக்கப்பட்டார்கள். அநியாயத்தைக் கேட்கப் போய் அநியாயம் செய்வதா? "யாரோ செய்த பாவத்துக்கு வழிப்போக்கனை அடிக்காதே" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு.

உடம்பு விஷயமும் நம் பொறுப்புத்தான். சர்க்கரை வியாதி உள்ளவர்களும், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உண்ணாவிரதத்தில் உட்காரக் கூடாது. மற்றவர்களும் தண்ணீரை நிறுத்தவே கூடாது. ஒரு நாளுக்கு மேல் போனால் டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடித்த கையோடு பிரியாணி வேண்டாம். இளநீர், மோர், நீர்த்த கஞ்சி என்று கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பிணங்களின் படத்தைக் காட்டாதீர்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. "அந்த அண்ணன் எங்கே?" என்று கேட்டதற்கு, "பெரியவங்க போட்ட சண்டையில செத்துப் போயிட்டான், அது தப்புன்னு சொல்லத்தான் சித்தப்பா போயிருக்கார்" என்றேன். அந்த வயதுக்கு அது போதும்.

இப்போது அவளே காலேஜில் சேர்ந்துவிட்டாள். இன்னொரு நாட்டுக் குழந்தைகளுக்காகச் சென்னையில் கூட்டம், போகட்டுமா என்கிறாள். பையன் போனால் வீரம், பெண் போனால் வம்பு என்று பேசும் உறவுக்காரர்கள் எங்களுக்கும் இருக்கிறார்கள். அவள் அப்பாவும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சரி என்று சொல்லிவிட்டேன். கூடப் போகிற தோழிகளின் நம்பர் வேண்டும். இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு கீழ்ப்புத்துப்பட்டுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொண்டாள். மூன்றாவதைக் கேட்ட பிறகுதான் அவள் அப்பா, "பஸ்ஸுக்குக் காசு வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.