ஊருக்கு வர ஒரு முத்திரை

முத்திரை என்றதும் நமக்கெல்லாம் என்ன நினைவுக்கு வரும்? பேருந்துச் சலுகை அட்டைக்காக நாம் நீட்டும் தாளில், கல்லூரி அலுவலக எழுத்தர் ஓங்கிக் குத்துவாரே, அந்த ஊதா வட்டம்தான்! நானும் முத்திரை என்றால் அதுதான் என்று எண்ணியிருந்தேன். சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரைச் சில ஆண்டுகளாக ஆட்டி வைக்கும் முத்திரை வேறு. அதைக் குத்துவதே இல்லை. கடவுச்சீட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டுகிறார்கள். ஒட்டுவதைப் போய் நம்மவர்கள் உலகெங்கும் 'ஸ்டாம்பிங்' என்றே சொல்லி வருகிறார்கள்!

வீட்டுக்காரர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான் 'சார்' என்றுதான் அழைப்பேன். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் கணிப்பொறி வேலையில் இருக்கிறார். எச்-1பி விசா. எனக்கு அவர் அண்ணன்.

2022ஆம் ஆண்டு, நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, சாரின் தாயார் காலமானார். அண்ணனை வளர்த்தது அந்தப் பாட்டிதான். அண்ணன் வரவில்லை. இறுதி ஊர்வலத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான்தான் முன்னால் நடந்தேன். சிறு திரையில் அவர் முகம். வழியில் ஓரிடத்தில் தொடர்பு அறுந்துபோயிற்று. மறுபடி கிடைத்தபோது அவர் கேட்டது, "தம்பி, எது வரைக்கும் வந்திருக்கீங்க?" என்பதுதான்.

பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவளின் சாவுக்குக்கூட வராத மனிதர் என்று அன்று நான் மனத்துக்குள் ஏசினேன். அதைச் சாரிடம் சொல்லியும் விட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நீங்க எங்க வீட்டுல குடியிருக்கீங்க. அக்ரிமென்ட் இருக்கு, வாடகை சரியாத் தர்றீங்க. ஆனா வாசல் சாவி மட்டும் உங்க கையில இல்லைன்னு வச்சுக்க. உள்ளே இருக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கடைக்குப் போகலாம்னு வெளியே வந்தா, கதவு சாத்திக்கும். அவன் நிலைமை அதுதான்ப்பா" என்றார்.

அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி ஒரு தாள். வெளியே போய்விட்டுத் திரும்பி நுழைய விசா வேறொரு தாள். அண்ணனுக்கு முதல் தாள் செல்லும். இரண்டாவது காலாவதி ஆகியிருந்தது. 2004 ஜூலை வரை அமெரிக்காவுக்குள்ளேயே தபாலில் அனுப்பி அதைப் புதுப்பித்துக்கொள்ளலாமாம். கைரேகை எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து வேறு நாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. கொரோனாவுக்குப் பிறகு இந்தியாவில் எங்கும் நேர்காணல் தேதிக்கு நீண்ட காத்திருப்பு. ஆகவே பலரும் பக்கத்து நாடான கனடாவுக்கு ஓடினார்கள். 2023இல் அண்ணனும் டொராண்டோவுக்கு நாள் குறித்தார்.

இங்கேதான் வேடிக்கை. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் கனடாவுக்குள் நுழையவும் விசா வேண்டும். விசா வாங்க ஒரு விசா! அதைவிடப் பெரிய வேடிக்கை இன்னொன்று. காலாவதியான விசாவுடன் கனடாவுக்குச் சும்மா சுற்றிப் பார்க்கப் போனால் முப்பது நாளுக்குள் அமெரிக்கா திரும்பிவிடலாம். விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அங்கே போய்ப் புது விசாவுக்கு மனுப் போட்டாலோ, 2002க்குப் பிறகு அந்தச் சலுகை கிடையாது. கிடைத்தால் திரும்பலாம். மறுத்துவிட்டால் வீடு, கார், பள்ளிக்குப் போகும் மகள் எல்லாம் அந்தப் பக்கம்; மனிதர் இந்தப் பக்கம். நேரே தாம்பரத்துக்குத்தான் விமானம் ஏற வேண்டும். ஊர் சுற்றப் போனவனுக்குத் திறக்கும் கதவு, முறைப்படி மனுப் போட்டவனுக்கு மூடிக்கொள்வது என்ன நியாயமோ! இயற்பியலில்கூட இப்படியொரு விதியை நான் படித்ததில்லை.

அண்ணன் இரண்டு பைகள் எடுத்துக்கொண்டு போனாராம். ஒன்றில் சான்றிதழ்களும் கோட்டும். மற்றதில், ஒருவேளை இங்கே வர நேர்ந்தால் இருக்கட்டும் என்று வெயிலுக்கு ஏற்ற நாலைந்து சட்டைகள். அதைக் கேட்ட அம்மா (சாரின் துணைவியாரை அப்படித்தான் அழைப்பேன்), "இங்கதான் அவன் வேட்டி சட்டையெல்லாம் மடிச்சு வச்சிருக்கேனே, எதுக்குச் சுமந்துட்டு?" என்றார்.

நேர்காணல் அன்று அங்கே காலை எட்டரை; நமக்கு மாலை ஆறு. உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. சார் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அம்மா விளக்கேற்றிவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். எட்டேமுக்காலுக்கு மணி அடித்தது. எங்கே வேலை, என்ன வேலை, எவ்வளவு நாளாக என்று மூன்றே கேள்விகள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கட்டணம் 205 டாலர். ஆறாம் நாள் கையில் கிடைத்தது. அந்த டிசம்பரில் அண்ணன் வந்தார். பன்னிரண்டு நாள் இருந்தார். முதல் நாள் பாட்டி படத்துக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவரை நான் ஏசியது அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

அந்த முத்திரைக்கு 2026 செப்டம்பரோடு ஆயுள் முடிகிறது. ஆனால் 2025 செப்டம்பர் 6ஆம் தேதி புதிய அறிவிப்பு வந்தது. தற்காலிக விசா கேட்பவர்கள் தம் சொந்த நாட்டிலோ, குடியிருக்கும் நாட்டிலோதான் மனுச் செய்ய வேண்டும். குடியிருக்கும் நாடு அமெரிக்காவே ஆனவருக்கு எஞ்சுவது சொந்த நாடுதான். கனடா வழி அடைபட்டது. அதே மாதம் 19ஆம் தேதி, எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற பிரகடனம். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று மறுநாளே விளக்கம் வந்துவிட்டது. இருந்தாலும் அந்த ஓர் இரவு முழுவதும் சாரின் அறையில் விளக்கு எரிந்தது.

அம்மாவுக்கோ ஒரே மகிழ்ச்சி! "நல்லதாப் போச்சு. கனடாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நம்ம ஜெமினிக்குத்தானே வந்தாகணும்?"

"வந்து, முத்திரை கிடைக்க மாசக்கணக்கா ஆச்சுன்னா? வேலை என்ன ஆறது?"

"ஆகட்டுமே. அது வரைக்கும் இங்கதானே இருப்பான்?"

சார் பதில் சொல்லவில்லை. எனக்கும் யார் பக்கம் சேர்வது என்று தெரியவில்லை. "படிச்சு முடிச்சா நீயும் அப்படிப் போயிடுவியாடா?" என்று என் தந்தை அன்றிரவு கேட்டார். போகச் சொல்கிறாரா, போகாதே என்கிறாரா என்பதும் விளங்கவில்லை.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார். "எங்கே நிப்பான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமாப்பா?" தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். திரிசூலம் வந்ததும் சார் பேச்சை நிறுத்திவிட்டு விமான நிலையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். 1973இல் கட்டிய அந்தப் பாலத்துக்கு அண்ணாவின் பெயர். ஜெமினி ஸ்டூடியோவும் இன்று இல்லை. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் ஜெமினி என்றுதான் சொன்னோம்.

தூதரகச் சுவரோரம் வரிசை நின்றது. ஒவ்வொருவர் மார்போடும் ஒரு கோப்பு. சற்றுத் தள்ளி, அவர்களுடைய தாய் தந்தையர் போலும், வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்கள். சார் வரிசையைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்தார். பிறகு என்னைச் செம்மொழிப் பூங்காப் பக்கம் அழைத்துப் போனார். முன்பு அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்ததாம். கல்யாணமான புதிதில் அம்மாவோடு வந்து காபி குடித்தாராம்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டார்: "என்ன பாத்தீங்க?"

"பக்கத்துலயே பூங்கா இருக்கு. நல்ல நிழல். நாம அங்க உட்கார்ந்துக்கலாம்."

"தண்ணி கொண்டு போகலாமில்லே?"

"அவனை உள்ளே கொண்டுபோக விட மாட்டாங்க" என்றார் சார். "நாம வச்சுக்கிட்டு இருக்கலாம்."